கொலை செய்தது யார் என்று கேட்டவர்களுக்கு: என் நாவலைப் பற்றிய கேள்விகளும் பதில்களும்

நான் எழுதிய துப்பறியும் நாவல் வெளிவந்து ஏழு மாதம் ஆகிறது. வேலூரில் ஓர் அச்சகத்தில் சொந்தச் செலவில் 300 பிரதி போட்டேன். பாதி விற்றது. கால்வாசி இரவல் போனது. மீதி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. காசு கொடுத்து வாங்கியவர்களைவிட இரவல் வாங்கியவர்கள்தான் கருத்துச் சொல்வதில் தாராளம் காட்டினார்கள். சிலர் போனில் பேசினார்கள், சிலர் மண்டித் தெருவில் வழிமறித்தார்கள், இரண்டு பேர் அக்கறையாகத் தபால் அட்டை வாங்கி எழுதினார்கள். ஒரே பதிலைப் பலருக்கும் சொல்லி வாய் வலித்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். புத்தகத்தின் பெயரை இங்கே போடவில்லை. போட்டால் விற்பனைக்கு வந்துவிட்டான் என்பார்கள்.

படிக்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1986 மாசி மாதம். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவே பாலாற்றை ஒட்டிய ஒரு கிராமம். கிராமம் என் கற்பனை. ஒரு டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், கணக்கு எழுதுகிறவர் சனிக்கிழமை மாலை, தொழிலாளர்களுக்கான வாரக் கூலிப் பணத்தோடு சைக்கிளில் புறப்படுகிறார். மறுநாள் காலை ஒரு தோப்புக் கிணற்றிலிருந்து அவருடைய உடலை எடுக்கிறார்கள். பின்மண்டையில் அடி. கிணற்று மேட்டில் சைக்கிள் ஸ்டாண்டு போட்டு நிற்கிறது. ஹேண்டில்பாரில் தொங்கும் பையில் 4,300 ரூபாயும் ஒரு நோட்டுக் குறையாமல் இருக்கிறது. வலது கால் செருப்பு மட்டும் இல்லை.

இன்ஸ்பெக்டர் மூன்று பேரைச் சந்தேகப்படுகிறார்: டேனரியில் பங்கு வைத்திருந்த கூட்டாளி, வரப்புத் தகராறில் பேச்சு நின்றுபோன தம்பி, வட்டிக்குப் பணம் விடும் ஒருவர். ஒன்றரை வருடம் கழித்து, துப்பு துலங்கவில்லை என்று அறிக்கை வைத்து வழக்கை முடித்துவிடுகிறார்கள். 2023-ல், அந்த வழக்கின் காகிதக் கட்டை ஒரு காலத்தில் கையாண்ட நீதிமன்ற எழுத்தர் ஓய்வுபெற்ற பிறகு அதைத் தேடிக் கிளம்புகிறார். கடைசிப் பக்கத்திலும் கொலையாளியின் பெயர் வராது. சண்டையெல்லாம் அங்கேதான்.

சரி, கொலை செய்தது யார்?

எனக்குத் தெரியாது. தெரிந்தும் மறைக்கிறேன் என்று நினைப்பவர்கள் அந்த நினைப்பை விட்டுவிடலாம்.

இந்தப் பதிலைக் கேட்டதும் சத்துவாச்சாரியைச் சேர்ந்த ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர் வீட்டுக்கே வந்துவிட்டார். தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள்களைக் கிளிப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஒவ்வொரு தாளின் பின்புறமும் ஒருவருடைய பெயர். அதன் கீழே அந்தச் சனிக்கிழமை மாலை ஐந்து மணி முதல் அவர் எங்கே இருந்தார் என்பது பென்சிலில், கால் மணிக்கு ஒரு வரி. கூட்டாளியின் தாளில் மட்டும் 6.45-க்கும் 7.30-க்கும் நடுவே இடம் காலியாக இருந்தது. அதன் மேல் சிவப்பு மையில் வட்டம். "இதைவிட என்ன வேண்டும்?" என்றார். ரயில்வே கேட் மூடியிருந்தால் சைக்கிளில் அந்தத் தூரத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். கேட்டைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டார். காப்பியைக் குடித்துவிட்டுத் தாள்களை எடுத்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் போன் செய்து, கேட் மூடியிருந்தாலும் கூட்டாளிதான் என்றார்.

கோபப்படுபவர்களைக் குறை சொல்லவில்லை. நானும் மாத நாவல் படித்து வளர்ந்தவன்தான். எண்பதுகளில் பழைய பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஒன்றை வாங்கிக்கொண்டு காட்பாடியில் ரயில் ஏறினால், அரக்கோணம் வருவதற்குள் கொலைகாரன் பிடிபட்டுவிடுவான். எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்துத் துப்பறிவாளர் விரல் நீட்டுவார். அந்தச் சுகம் எனக்கும் தெரியும். ஆனால் இந்த நாவலில் எனக்கு நானே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டேன். வழக்குக் கட்டில் இருக்கும் காகிதமும், முப்பத்தேழு வருடம் கழித்து மனிதர்கள் நினைவிலிருந்து சொல்வதும் தவிர வேறு எதுவும் கதை சொல்பவருக்குத் தெரியக் கூடாது. அதற்கு மேல் ஒரு பெயரைச் சொன்னால் அது என் விருப்பமாக இருக்குமே தவிர, விடையாக இருக்காது.

இது உண்மைச் சம்பவமா?

இல்லை. நான் இந்த மாவட்டத்தின் குற்றவியல் நீதிமன்றங்களில் முப்பத்தொரு வருடம் எழுத்தராக இருந்தவன். எந்த ஒரு வழக்கையும் அப்படியே எடுக்கவில்லை. பெயர்களைத் துருவிப் பார்ப்பவர்கள் வீணாக அலைய வேண்டாம்.

ஆனால் அந்தக் கட்டு உண்மை. துப்பு துலங்காத கொலை வழக்கின் கட்டு மெலிந்திருக்கும். தண்டனையில் முடிந்த வழக்கென்றால் சாட்சியம், வாதம், தீர்ப்பு என்று இரண்டு கையாலும் தூக்க வேண்டும். இது ஒரு கையில் அடங்கும். முதல் தகவல் அறிக்கை, பஞ்சாயத்தார் கையெழுத்திட்ட பிரேத விசாரணை அறிக்கை, பிரேதப் பரிசோதனைச் சான்று, சாட்சிகள் முன்னால் எழுதிய மகஜர், கைப்பற்றிய பொருள்களின் பட்டியல், கடைசியில் இறுதி அறிக்கை. வெள்ளை நாடாவை அவிழ்த்தால் முடிச்சு இருந்த இடத்தில் மட்டும் அட்டை நிறம் மாறாமல் இருக்கும். குண்டூசி துருப்பிடித்து நாலைந்து காகிதத்துக்கும் ஒரே இடத்தில் காவிப் புள்ளி வைத்திருக்கும். நாவலில் வாசகர்கள் அதிகம் பாராட்டிய பக்கம் இந்த வர்ணனைதான். அதில் என் கற்பனை ஒன்றுமே இல்லை என்பது கொஞ்சம் வருத்தம்.

வாசகர்கள் கண்டுபிடித்த பிழைகள் என்னென்ன?

இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. ஆனால் கொலையாளியைக் கண்டுபிடிக்க முடியாத ஆத்திரத்தில் என் பிழைகளைக் கண்டுபிடித்தார்கள், அதை மறைப்பது நியாயமில்லை.

முதல் அடி ஊர்ப் பெயரில் விழுந்தது. 1986-ல் 'வேலூர் மாவட்ட எஸ்.பி.' என்று எழுதிவிட்டேன். அப்போது ஏது வேலூர் மாவட்டம்? வட ஆற்காடு மாவட்டம்; அதன் தலைநகர் வேலூர். 1911 வரை அதற்குச் சித்தூர்தான் தலைநகர். 1989-ல் திருவண்ணாமலையைப் பிரித்தார்கள், அதற்குப் பிறகு பெயர் மாறிற்று, 2019-ல் மறுபடியும் மூன்றாக வெட்டி ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்றார்கள். என் கதை நடக்கும் கிராமம் இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் இருந்திருக்கும். நான் பிறந்த மாவட்டத்தின் பெயரையே மறந்துபோனதற்கு ஒரு தபால் அட்டை முழுக்கத் திட்டு வாங்கினேன்.

இரண்டாவது, பிரேதப் பரிசோதனையை அடுக்கம்பாறையில் நடத்தியிருந்தேன். அங்கே மருத்துவக் கல்லூரி வந்தது 2005-ல். 1986-ல் வேலூருக்குக் கொண்டுவந்திருந்தால் நகரத்துக்குள் இருந்த பென்ட்லண்ட் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோயிருப்பார்கள். வேலூர் கஸ்பாக்காரர் ஒருவர், "அந்த ஆஸ்பத்திரி வாசலில் பிணத்துக்குக் காத்திருந்தவன் நான், என்னிடமேவா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

மூன்றாவது பிழைதான் கதையையே அசைத்தது. போலீசுக்குத் தகவல் கொடுத்தவர் ஊர்க் கர்ணம் என்று எழுதியிருந்தேன். கர்ணம், மணியக்காரர் பதவிகளையெல்லாம் 1980-லேயே ஒழித்தாயிற்று. 1986-ல் கிராம நிர்வாக அலுவலர்தான். இரண்டாம் பதிப்பில் ஒரு சொல்லை மாற்றினால் போதும் என்று நினைத்தேன். அது போதவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான்காவது, ஒரு நர்ஸ் அம்மா சொன்னது. முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர். நாவலில் சனிக்கிழமை இரவு ஏழு மணிக்குச் செத்தவர் ஞாயிறு விடியற்காலை ஐந்து மணிக்குக் கிணற்றில் மிதக்கிறார். "பத்து மணி நேரத்தில் எப்படி ஐயா மிதப்பார்?" என்றார். தண்ணீரில் விழுந்த உடல் முதலில் முழுகும். உள்ளே அழுகல் தொடங்கி வாயு சேர்ந்த பிறகுதான் மேலே வரும். நம் ஊர் வெயில் காலத்திலேயே அதற்கு ஒரு நாள் ஆகும். மாசி மாதத்துக் கிணற்றுத் தண்ணீருக்கு இன்னும் கூட ஆகும். நான் திணறியதைப் பார்த்து அவரே வழியும் சொன்னார். "தண்ணீர் எடுக்க வந்த பெண்ணின் குடம் கயிறு அறுந்து விழட்டும். பாதாளக் கரண்டி போட்டுத் தேடட்டும். கரண்டி குடத்தில் மாட்டாமல் வேட்டியில் மாட்டட்டும்." மயிர் கூச்செறிந்தது. பாதாளக் கரண்டியைப் பார்த்தே இருபது வருடம் ஆகியிருக்கும். ஒரு வளையத்தில் கொத்தாக இரும்புக் கொக்கிகள். தெருவுக்கு ஒரு வீட்டில் இருக்கும், ஊரே இரவல் வாங்கும். இரண்டாம் பதிப்பில் அந்தக் காட்சி அவர் சொன்னபடியே வருகிறது. முன்னுரையில் நன்றியும் உண்டு.

வட்டிக்காரர் ஸ்டேஷனில் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாரே, பிறகும் ஏன் விட்டுவிட்டார்கள்?

கொலையாளி யார் என்ற கேள்விக்கு அடுத்தபடியாக வருவது இதுதான். பத்தொன்பதாம் அத்தியாயத்தில் வட்டிக்காரர், "நான்தான் அடித்தேன், செருப்பை ஆற்றில் எறிந்தேன்" என்கிறார். இருபதாம் அத்தியாயத்தில் பீடி பிடித்துக்கொண்டு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். வாசகர்களுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிராகக் கோர்ட்டில் பயன்படுத்த முடியாது. 1872-ம் வருடத்து இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு அது. 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டங்கள் வந்துவிட்டாலும் அந்த விதி அப்படியேதான் இருக்கிறது. ஏன் அப்படி வைத்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டேஷனில் வைத்து ஒருவரை எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்ள வைக்கலாம் என்பது வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருந்தது.

இதில் ஒரு சந்து உண்டு. அதே சட்டத்தின் 27-வது பிரிவு. காவலில் இருப்பவர் சொன்ன தகவலை வைத்து ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பொருளைக் காட்டிக்கொடுத்த அளவுக்கு மட்டும் அவர் சொன்னது செல்லும். அதனால்தான் நாவலில் செருப்பு. "ஆற்றில் எறிந்தேன்" என்று அவர் சொன்ன இடத்தில் அந்த வலது கால் செருப்பு கிடைத்திருந்தால் வழக்கு நின்றிருக்கும். நாலு நாள் தேடுகிறார்கள். பாலாறு வருடத்தில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிற ஆறு. நந்தி மலையில் பிறந்து இரண்டு மாநிலம் கடந்து எங்களிடம் வரும்போது தண்ணீரை வழியிலேயே விட்டுவிட்டு வரும். அந்த மணலில் ஒரு செருப்பைத் தேடுவது எப்படி என்று ஒன்பது பக்கம் எழுதினேன். சலிப்பாக இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். தேடியவர்களுக்கும் சலிப்பாகத்தான் இருந்திருக்கும். இன்று அதே இடத்துக்குப் போனால் செருப்பு மட்டுமல்ல, மணலும் இருக்காது.

மாஜிஸ்திரேட் முன்னால் ஒப்புக்கொண்டால் செல்லுமே என்று ஒரு சட்டக் கல்லூரி மாணவர் எழுதியிருந்தார். செல்லும். ஆனால் மாஜிஸ்திரேட் முதலில், நீ சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சொன்னால் அது உனக்கு எதிராகப் பயன்படும் என்று எச்சரிக்க வேண்டும். யோசிக்க அவகாசமும் கொடுப்பார். வட்டிக்காரர் அந்த அவகாசத்தில் யோசித்துவிட்டார். நாவலில் அது இரண்டே வரி.

அப்படியானால் வட்டிக்காரர்தானே கொலையாளி?

இப்படிக் கேட்பீர்கள் என்று தெரியும். வட்டிக்காரரை ஸ்டேஷனில் எத்தனை நாள் வைத்திருந்தார்கள் என்று பதினெட்டாம் அத்தியாயத்தில் எண்ணிப் பாருங்கள்.

தமிழ்நாட்டில் இப்படித் துப்பு துலங்காமல் போன பெரிய கொலை வழக்கு உண்டா?

எல்லோருக்கும் தெரிந்த ஒன்று இருக்கிறது: லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதியே பிழைத்த 'இந்து நேசன்' பத்திரிகையை நடத்தியவர். 1944 நவம்பர் 8 அன்று சென்னை வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போகும்போது கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். 1945-ல் இருவருக்கும் ஆயுள் தண்டனை. அப்போதைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரைக்கும் போய், வழக்கு மறுபடி சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்து, 1947-ல் இருவரும் விடுதலையானார்கள். பாகவதரின் மவுசு திரும்பி வரவே இல்லை. குத்தியது யார் என்பது இன்றுவரைக்கும் முடிவாகவில்லை.

வாசிப்புக் கூட்டத்தில் இந்த வழக்கைச் சொன்னபோது ஒருவர், "விடுதலை ஆனார்கள் என்றால் கேஸ் முடிந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?" என்றார். கோர்ட்டுக்கு முடிந்தது. கூண்டில் நிற்கிற இந்த ஆள் செய்தானா என்ற கேள்விக்குத்தான் கோர்ட் பதில் சொல்லும். இவன் இல்லையென்றால் வேறு யார் என்று தேடிப் போவது அதன் வேலை இல்லை. என் நாவலில் அந்த முதல் கேள்வி கூட வரவில்லை. யாரும் கூண்டு ஏறவே இல்லை.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 1952-ல் ஆளவந்தார் கொலை. தலையில்லாத உடல் டிரங்குப் பெட்டியில் ரயிலேறி மானாமதுரை வரை போயிற்று. தலை ராயபுரம் கடற்கரையில் கிடைத்தது. செத்தவர் யாரென்றே தெரியாமல் தொடங்கிய வழக்கு, உடற்கூறு நிபுணர்களின் வேலையால் தண்டனையில் முடிந்தது. என் கணக்கப்பிள்ளை விஷயத்தில் செத்தவர் யார் என்று முதல் நிமிடமே தெரியும், சாட்சி சொல்ல ஊரே இருக்கிறது, ஒன்றும் நடக்கவில்லை. துப்பு துலங்குவதற்கும் துலங்காததற்கும் ஒரு விதி இருக்கிறது என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

போலீசைச் சோம்பேறிகளாகக் காட்டியது சரியா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஓய்வுபெற்ற ஏட்டு. தோட்டப்பாளையத்தில் ஒரு நண்பர் வீட்டு மாடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பதினைந்து பேர் கூடி இந்த நாவலைப் பேசினோம். எல்லோரும் கொலையாளியைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, இவர் கடைசியில் எழுந்தார். "இன்ஸ்பெக்டர் கேஸை மூடினார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் எங்கே மூடினார்? அவருக்கு மாற்றல் வந்தது" என்றார்.

சொன்னது நியாயம். நாவலில் பதினோராவது மாதம் இன்ஸ்பெக்டர் மாற்றலாகிறார், நான் அதை ஒரே வரியில் கடந்துவிட்டேன். ஏட்டு சொன்ன விவரம் இது: கேஸ் டைரியில் எழுதியது புது அதிகாரிக்குக் கிடைக்கும், எழுதாதது கிடைக்காது. தம்பி ஏன் கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, டீக்கடைக்காரர் மகஜரில் கையெழுத்துப் போடும்போது ஏன் கை நடுங்கியது என்பதெல்லாம் பழைய ஆளோடு லாரி ஏறிப் போய்விடும். புதியவர் மேசையில் ஏற்கெனவே இருக்கும் வழக்குகளுக்கு அடியில் இது போகும். "அதற்குப் பெயர் சோம்பல் இல்லை, சார்" என்று உட்கார்ந்துவிட்டார். டீ ஆறிப்போயிருந்தது, யாரும் எடுக்கவில்லை. நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு, பதினெட்டாம் அத்தியாயம் இருக்கிறது.

மோப்ப நாய் ஏன் வரவில்லை?

வந்தது. பக்கம் 31. கிணற்றிலிருந்து ஓடிப்போய்ச் சாராயக் கடை இருந்த இடத்தில் நின்றது. அதை வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது. நாயைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை.

டி.என்.ஏ. சோதனை செய்திருந்தால் தெரிந்திருக்குமே?

மரபணு அடையாளத்தைப் பிரிட்டனில் அலெக் ஜெஃப்ரிஸ் கண்டுபிடித்ததே 1984-ல்தான். அதன் உதவியால் ஒரு கொலைகாரனுக்கு முதன்முதலில் தண்டனை கிடைத்தது 1988-ல், அதுவும் அங்கே. 1986-ல் பாலாற்றங்கரைக்கு அது எப்படி வரும்? வேண்டுமென்றேதான் அந்த வருடத்தைப் பிடித்தேன். செல்போன் கோபுரமும் கேமராவும் வந்த பிறகு துப்பறியும் கதை எழுதுவது மின்வாரியக் கணக்கு எழுதுவது போல் ஆகிவிட்டது.

வேலூர் நாவலில் கோட்டை இல்லையா?

இல்லை. வேலூரை வைத்து மர்மக் கதை எழுதும் எல்லோரும் கோட்டைக்குள் ஒரு சுரங்கத்தைத் தோண்டிவிடுகிறார்கள். 1995 ஆகஸ்டில் 43 விடுதலைப் புலிக் கைதிகள் நிஜமாகவே அங்கே திப்பு மகாலிலிருந்து சுரங்கம் தோண்டித் தப்பிவிட்டார்கள். அதற்கு மேல் நான் என்ன தோண்டுவது?

பேச்சு நடை சென்னைப் பாஷையாக இருக்கிறதே?

கோயம்புத்தூர் வாசகர் ஒருவரின் குறை. 'கீது', 'இன்னா' என்று வந்தால் உடனே சென்னை என்கிறார்கள். எங்கள் பாட்டிகள் மெரினாவைப் பார்க்காமலே அப்படித்தான் பேசினார்கள். உண்மையில் நான் செய்த தவறு வேறு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு டேனரிகளில் உருது இல்லாமல் பேச்சே நடக்காது. ஆந்திர எல்லைப் பக்கம் போனால் தெலுங்கு வந்துவிடும். என் கூட்டாளி பாய் வீட்டுக்குள்ளும் அச்சுத் தமிழ் பேசுகிறார். எனக்கு உருது வராது. வருபவர் ஒருவரை உட்காரவைத்துக்கொண்டு எழுதியிருக்க வேண்டும்.

மூடிய கொலை வழக்கை இத்தனை வருடம் கழித்துத் திறக்க முடியுமா?

சட்டப்படி முடியும். கொலைக்குக் காலக்கெடு கிடையாது. இறுதி அறிக்கை வைத்த பிறகும் புதிய சான்று கிடைத்தால் போலீஸ் மேற்கொண்டு விசாரிக்கலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது 173(8), புதியதில் 193(9). நடைமுறையில் தடுப்பது வேறு. சாட்சிகள் செத்திருப்பார்கள். கட்டு இருக்காது. கோர்ட்டுக் காகிதங்களைக் காலம் பார்த்து அழிப்பதற்கென்றே 1917-ல் ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். எந்தக் கட்டை வைத்திருப்பது, எதைக் கழிப்பது என்று பட்டியல் எழுதியதில் என் கையெழுத்தும் உண்டு. நாவலில் கிழவர் பதறிக்கொண்டு பதிவறைக்கு ஓடுவதை மிகை என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் பதிவறையில் வேலை பார்த்தவர் இல்லை.

இரண்டாம் பாகம் வருமா?

வராது.

செத்தவரின் மனைவிக்கு ஏன் இரண்டே பக்கம்?

இதைக் கேட்டவர் குடியாத்தத்தில் பீடி சுற்றும் ஓர் அம்மா. அவருக்குப் படிக்க வராது. அவர் இலை வெட்டிக்கொண்டிருக்க, பக்கத்தில் உட்கார்ந்து மகள் தினமும் ஓர் அத்தியாயம் வாசித்திருக்கிறாள். முடிந்ததும் புத்தகத்தில் இருந்த எண்ணுக்குப் பேசினார். கொலையாளி யார் என்று அவர் கேட்கவில்லை. "அந்த அம்மா சைக்கிளைக் கேட்டு வந்தாளே, அப்புறம் என்ன ஆனாள்?" என்றார்.

ஏழாம் அத்தியாயத்தில் வருகிறாள். கணவரின் சைக்கிள் வழக்குச் சொத்தாகக் கோர்ட் வளாகத்தில் நிற்கிறது. பையனைப் பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும், கொடுப்பீர்களா என்று கேட்கிறாள். மனுப் போட்டால் கிடைக்கும் என்று சொல்லாமல், "கேஸ் முடியட்டும் அம்மா" என்று எழுத்தர் அனுப்பிவிடுகிறார். அத்தோடு அவளை நானும் அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு முந்நூறு பக்கத்தில் அவள் இல்லை.

"கேஸை மூடிவிட்டார்கள் என்று அவளிடம் யார் போய்ச் சொன்னது?" என்று அடுத்துக் கேட்டார்.

கர்ணத்தைக் கிராம நிர்வாக அலுவலர் ஆக்கினால் போதவில்லை என்றேனே, அது இங்கேதான். துப்பு துலங்கவில்லை என்று போலீஸ் அறிக்கை வைத்தால், ஏற்கும் முன் முதலில் தகவல் கொடுத்தவருக்கு மாஜிஸ்திரேட் நோட்டீஸ் அனுப்பி அவருடைய தரப்பைக் கேட்க வேண்டும். 1985-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. செத்தவரின் உறவினர் தகவல் கொடுத்தவராக இல்லாவிட்டால், அவருக்கு நோட்டீஸ் உரிமையாகக் கிடைக்காது. மாஜிஸ்திரேட் விரும்பினால் அனுப்பலாம். என் வழக்கில் தகவல் கொடுத்தவர் கிராம நிர்வாக அலுவலர். பக்கம் 88-ல் நோட்டீஸ் அவருக்குச் சார்பு செய்யப்பட்டது, அதாவது கொடுக்கப்பட்டது, என்று நானே எழுதியிருக்கிறேன். ஒப்புகைச் சீட்டில் பச்சை மையில் கையெழுத்து, தேதி, ரப்பர் முத்திரை. அந்தச் சீட்டு எப்படி இருக்கும் என்று நாலு வரி வேறு. எழுதும்போது தோன்றவில்லை. வேலையில் இருந்தபோது இப்படி எத்தனை சீட்டைக் கட்டில் கோத்திருப்பேன், அப்போதும் தோன்றவில்லை.

"யாரும் சொல்லவில்லை அம்மா" என்றேன்.

"அப்போது சைக்கிள்?"

கேட்பாரில்லாமல் நின்ற பொருளை ஏலம் விட்டிருப்பார்கள் என்றேன். எவ்வளவுக்குப் போயிருக்கும் என்று கேட்டார். மழையில் நின்ற பழைய சைக்கிள், அந்தக் காலத்து விலை. எழுபது, எண்பது ரூபாய் இருக்கலாம் என்றேன். பின்னால் மகள் ஏதோ கேட்க, அந்தத் தொகையை அவளிடம் திருப்பிச் சொன்னார். பிறகு என்னிடம், "அந்த எண்பது ரூபாயாவது அவள் கைக்கு வந்ததா?" என்றார்.